நாற்காலியில் யார்?

1

பொது நிர்வாகத்தை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் பாடம் 1986இல், ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில். பள்ளிக்கூடம் முடித்திருந்த எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அம்மா ஆறு தடவை நடந்தாள். கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுக்கணும், ஆர்.ஐ. பார்க்கணும், அப்புறம் தாசில்தார் கையெழுத்து. போகிற நாளெல்லாம் ஏதாவது ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆள் இருந்த நாளில், "ஏம்மா, படியிலேயே நில்லு" என்றார் கிளார்க். நாங்கள் என்ன சாதி என்று தாளில் எழுத ஒரு மாசம் எடுத்துக்கொண்டவர்களுக்கு, அம்மாவை எங்கே நிறுத்தணும் என்று முடிவு பண்ண ஒரு நிமிஷம் ஆகவில்லை.

இரண்டாவது பாடம் சில வருஷம் கழித்து, அஞ்சல் வழிக் கல்வியில் வந்தது. டெய்லர், ஃபயோல், உட்ரோ வில்சன், மாக்ஸ் வெபர் என்று வரிசையாகப் பெயர்கள். யார் எந்த வருஷம் என்ன சொன்னார், ஒற்றுமை என்ன, வேற்றுமை என்ன, பத்து மதிப்பெண். அதில் வெபர் பகுதியில் இப்படி ஒரு கருத்து வந்தது: அலுவலர் எதிரே நிற்கிற ஆளைப் பார்க்க மாட்டார், விதியை மட்டும் பார்ப்பார், கோபமும் இருக்காது, பிரியமும் இருக்காது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னடா என்று கேட்ட அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "யாரு சொன்னது? வந்து பாக்கச் சொல்லு" என்றாள்.

அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு அன்றைக்கு நான் எழுதியது மனப்பாடம். இப்போது திரும்ப எழுதுகிறேன். இந்த நான்கு பேரும் அலுவலகத்தையும் ஆலையையும் எப்படிக் கட்டணும் என்று யோசித்தவர்கள். மேலே உட்காருகிறவன் யார், கீழே நிற்கிறவன் யார் என்ற கேள்வியை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று மட்டும் பார்க்கப் போகிறேன்.

2

ஃபிரெடெரிக் டெய்லர் 1856இல் பிலடெல்பியாவின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். எஃகு ஆலைகளில் வேலை பார்த்தவர். 1911இல் வந்த அவருடைய 'விஞ்ஞான மேலாண்மைக் கோட்பாடுகள்' என்ற நூல்தான் எல்லாப் பாடநூல்களுக்கும் முதல் அத்தியாயம். வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்து அள, தேவையில்லாத அசைவை வெட்டு, பொருத்தமான ஆளைப் பொறுக்கு, கூடுதல் கூலி கொடுத்துக் கூடுதல் வேலை வாங்கு. சுருக்கமாக இவ்வளவுதான்.

இதற்கு அவர் சொல்லும் கதை 1899இல் பெத்லெஹெம் எஃகு ஆலையில் நடந்தது. இரும்புப் பாளங்களைத் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றுகிற வேலை. ஒரு பாளம் 92 பவுண்டு, ஏறக்குறைய 42 கிலோ. ஒரு ஆள் நாளுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தான். டெய்லர் 'ஷ்மிட்' என்று பெயர் வைத்து எழுதும் தொழிலாளியை, நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்தார்கள். எப்போது தூக்கணும், எப்போது உட்காரணும் என்று பக்கத்தில் ஒருத்தர் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே.

கணக்கைவிட அந்த ஆளைப் பற்றி டெய்லர் எழுதுவதுதான் என்னை நிறுத்தியது. இந்த வேலைக்கு ஏற்றவன் மந்த புத்தியுள்ளவனாக, மாட்டுக்கு ஒப்பானவனாக இருக்கணும் என்கிறார். தன் வேலையின் விஞ்ஞானத்தைப் புரிந்துகொள்ள அவனால் முடியாது, அதனால் படித்தவன் ஒருத்தன் அவனுக்காக யோசிக்கணும் என்கிறார். அதே புத்தகத்தில் அதே ஆள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், தான் வாங்கிய துண்டு நிலத்தில் தானே வீடு கட்டிக்கொண்டிருந்தான் என்றும் எழுதியிருக்கிறார். வீடு கட்டத் தெரிந்தவனுக்கு இரும்பு தூக்க யோசிக்கத் தெரியாதாம்.

நமக்கு இது புதுசா? கையால் உழைக்கிறவனுக்குப் புத்தி கிடையாது, புத்தி உள்ளவன் கையால் உழைக்க வேண்டியதில்லை என்பது நாம் காலம் காலமாகக் கேட்டு வருகிற பேச்சு. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்த ஏற்பாடு. டெய்லர் அடுக்கியது பிறப்பால் அல்ல, ஷ்மிட்டின் மகன் பாளம் தூக்கியே தீரணும் என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆனால் கையையும் தலையையும் வெட்டிப் பிரிக்கும் வேலை இரண்டுக்கும் பொது.

தொழிலாளிகள் இதைச் சும்மா விடவில்லை. 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் கடிகாரத்தை நீட்டியபோது வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அமெரிக்கப் பாராளுமன்றத்தின் குழு விசாரித்தது. 1912இல் டெய்லரே வந்து சாட்சி சொன்னார். 1915இல், ராணுவத் தொழிற்சாலைகளில் கடிகாரம் வைத்து அளப்பதற்குப் பணம் செலவிடக் கூடாது என்று தடை வந்தது. பாடநூலில் டெய்லருக்குப் பல பக்கம். இந்த வேலைநிறுத்தத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

3

ஆன்ரி ஃபயோல் பிரான்சில் சுரங்கப் பொறியாளர். 1860இல், பத்தொன்பது வயதில், கொமாந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்ந்தார். 1888இல் அந்தக் கம்பெனிக்கே தலைமை நிர்வாகி ஆனார். 1916இல் வந்தது அவர் எழுதியது. டெய்லர் ஆலைத் தரையிலிருந்து மேலே பார்த்தார் என்றால் ஃபயோல் மேஜையிலிருந்து கீழே பார்த்தார். திட்டமிடு, அமைத்துக் கொடு, ஆணையிடு, ஒருங்கிணை, கட்டுப்படுத்து என்று ஐந்து வேலைகள், பதினான்கு கோட்பாடுகள். ஒரு ஆளுக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்கணும் என்பது அதில் முக்கியமானது. ஒரு தொழிலாளிக்குப் பல மேற்பார்வையாளர்கள் என்ற டெய்லரின் ஏற்பாட்டை அவர் அதனால்தான் ஏற்கவில்லை.

சுரங்கக்காரர் என்பதால் நடைமுறை தெரிந்தவர். ஒரு கிளையில் கீழே இருப்பவர் இன்னொரு கிளையில் கீழே இருப்பவரிடம் ஒரு விஷயம் கேட்கணும் என்றால் தாள் ஏணியில் உச்சிவரை ஏறி, அந்தப் பக்கம் படிப்படியாக இறங்கணும். அது வீண் தாமதம். மேலதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டு இருவரும் நேரே பேசிக்கொள்ள ஒரு பாலம் வேண்டும் என்றார். அம்மா ஆறு தடவை நடந்தது அந்த ஏணியில்தான். பாலம் இருந்திருந்தால் மூன்று தடவையில் முடிந்திருக்கும்.

ஆனால் ஃபயோலின் பாலம் உள்ளே இருக்கிற இருவருக்கு இடையில். வாசல் படியில் நிற்கிறவளுக்கு அதில் இடமில்லை. தொழிலாளிக்கு வேண்டிய திறமையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தொழில்நுட்பம், ஐந்து பங்குதான் நிர்வாகம் என்று ஒரு அட்டவணையும் போட்டார். மேலே போகப் போக நிர்வாகப் பங்கு கூடுகிறது. நிர்வாகத்தைப் பள்ளியிலேயே எல்லோருக்கும் கற்றுக் கொடுக்கணும் என்று சொன்னவரும் அவரேதான். அது நல்ல சொல். 1937இல் அமெரிக்காவில் லூதர் குலிக் இந்த ஐந்தை ஏழாக்கினார். நம் பாடநூல்கள் அந்த ஏழையும் முதலெழுத்து வைத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன.

4

பாடநூலில் அரைப்பக்கத்தில் முடிந்துபோகிறவர் உட்ரோ வில்சன். அவரிடம்தான் நாம் அதிக நேரம் நிற்கணும்.

1887இல், கல்லூரி ஆசிரியராக இருந்தபோது, 'நிர்வாகம் பற்றிய படிப்பு' என்ற கட்டுரையை எழுதினார். பொது நிர்வாகம் என்ற துறையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்றைய அமெரிக்காவில் தேர்தலில் ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு வேலையைப் பங்கு போட்டது. வேலை கிடைக்காத ஒருவன் 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டையே சுட்டான். 1883இல் சட்டம் வந்து, தேர்வு எழுதித் தகுதியால் வேலை என்ற முறை ஆரம்பித்தது. அந்தச் சூழலில் வில்சன் சொன்னது: அரசியல் வேறு, நிர்வாகம் வேறு. நிர்வாகம் ஒரு தொழில் மாதிரி, அதில் கட்சிச் சண்டைக்கு இடமில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. இனி 1913க்கு வருவோம். அதே வில்சன் ஜனாதிபதி ஆனார். தேர்வு முறையால் அதற்குள் கறுப்பின மக்கள் தபால் துறையிலும் கருவூலத்திலும் கிளார்க்குகளாக, சிலர் அதிகாரிகளாக வந்திருந்தார்கள். வெள்ளையரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வில்சனின் அமைச்சர்கள் பர்ல்சனும் மக்காடூவும் தங்கள் துறைகளில் அவர்களைப் பிரித்தார்கள். தனி அறை, நடுவில் தடுப்பு, தனிச் சாப்பாட்டு இடம், தனிக் கழிப்பறை. வேலையின் தன்மையால் பிரிக்க முடியாத ஒரு கிளார்க்கைச் சுற்றிக் கூண்டு அடித்தார்களாம். 1913இல் டுபாய்ஸ் வில்சனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். 1914இல், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் புகைப்படம் ஒட்டணும் என்று விதி வந்தது. அடையாளம் சரிபார்க்கத்தான் என்றார்கள். தேர்வில் முதல் மூன்று பேரில் ஒருவரை அதிகாரி பொறுக்கலாம் என்பது ஏற்கெனவே இருந்த விதி. இரண்டு விதியையும் சேர்த்துப் பாருங்கள். எந்தச் சட்டத்தையும் மீறாமல், எந்தக் கெட்ட வார்த்தையும் எழுதாமல், முகத்தைப் பார்த்து ஆளைக் கழிக்கலாம். அந்தப் புகைப்பட விதி 1940 வரை இருந்தது.

1914 நவம்பரில் பாஸ்டன் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ ட்ராட்டர் ஒரு குழுவோடு வில்சனைப் பார்க்கப் போனார். 1912 தேர்தலில் வில்சனை நம்பி ஆதரித்தவர் அவர். உரசல் வராமல் இருக்கத்தான் பிரித்தோம், இது உங்கள் நன்மைக்கே என்பது வில்சனின் பதில். ட்ராட்டர் விடாமல் வாதாடினார். உங்கள் குரல் சரியில்லை என்று வில்சன் கோபப்பட்டு அனுப்பிவிட்டார். அவமானப்படுத்தியது பிரச்சினையில்லை, அதைக் கேட்ட தொனிதான் பிரச்சினை. சேரியிலிருந்து போய் ஆபீசில் நியாயம் கேட்ட யாருக்கும் இந்தப் பதில் பழக்கமானதுதான்.

அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்று எழுதிய கைதான் இதையும் செய்தது. இதை முரண்பாடு என்று விட்டுவிட முடியாது. நிர்வாகத்தை அரசியல் இல்லாத இடம் என்று சொல்லிவிட்டால், அங்கே நடக்கிற ஒதுக்கலும் வெறும் இட வசதியாக, அறைப் பங்கீடாக ஆகிவிடுகிறது. கேள்வி கேட்கிறவன்தான் அரசியல் செய்கிறவன் ஆகிறான்.

இதெல்லாம் நடந்த 1913 முதல் 1916 வரை, அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர். 1915இல் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி. நிர்வாகம் படித்தவர், 1917இல் பரோடா அரசின் வேலைக்குப் போனார். கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் எறிந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆபீசில் பதவியால் அவர் மேலே, சாதியால் கீழே. ஃபயோலின் ஏணி அங்கே தலைகீழாகத் தொங்கியது.

5

மாக்ஸ் வெபர் 1864இல் பிறந்து 1920இல் இறந்த ஜெர்மன் அறிஞர். அதிகார வர்க்கம் பற்றி அவர் எழுதியது, இறந்த பிறகு 1921-22இல் வந்த 'பொருளாதாரமும் சமூகமும்' என்ற பெரிய நூலில் இருக்கிறது. டெய்லரும் ஃபயோலும் எப்படி நடத்தணும் என்று யோசனை சொன்னவர்கள். வெபர் யோசனை சொல்ல வரவில்லை. மனிதர்கள் ஏன் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்று கேட்டார். பரம்பரை வழக்கம் என்பதால், ஒரு தலைவனின் வசீகரத்தால், எழுதப்பட்ட சட்டத்தால் என்று மூன்று வகை சொன்னார்.

மூன்றாவது வகையின் உருவம்தான் அதிகார வர்க்கம். ஒவ்வொரு பதவிக்கும் வரையறுத்த வேலை. மேல் கீழ் வரிசை. எல்லாம் எழுத்தில். தேர்வும் பயிற்சியும் பெற்றவருக்கு வேலை. சம்பளம் பணமாக. பதவி ஆளின் சொத்து அல்ல, விற்க முடியாது, மகனுக்குக் கொடுக்க முடியாது. ஆபீஸ் வேறு, வீடு வேறு. எதிரே நிற்பவன் பிரபுவா, கூலியா என்று பார்க்காமல் விதிப்படி முடிவு.

சிரித்த நான் பிறகு சிரிப்பதை நிறுத்திய இடம் இது. மகனுக்குக் கொடுக்க முடியாது என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கர்ணம் வேலை, மணியம் வேலை என்று கிராம அதிகாரம் பரம்பரையாகவே ஓடியது நம் ஊர். தமிழ்நாட்டில் 1980இல்தான் அது ஒழிக்கப்பட்டது. வெட்டியான் வேலையும் பரம்பரைதான். அதை ஒழிக்க யாரும் அவசரப்படவில்லை. பிறப்பு முடிவு செய்யாத நாற்காலி என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. டெய்லரிடமும் ஃபயோலிடமும் வேலை வாங்கும் வித்தை இருக்கிறது. வெபர் சொல்வதில் நாம் பிடித்துக்கொண்டு சண்டை போட ஒரு கைப்பிடி இருக்கிறது. வெபருக்கும் பயம் இருந்தது. விதியே மனிதனை அடைக்கும் இரும்புக் கூடாகிவிடும் என்று கவலைப்பட்டார். கூட்டுக்கு உள்ளே இருப்பவனின் கவலை அது. வெளியே படியில் நிற்பவளின் கவலை வேறு.

வெபரோடு நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்து மதம் பற்றி 1916-17இல் எழுதினார். இந்தியாவுக்கு வந்ததில்லை, மொழிபெயர்த்த நூல்களையும் பிரிட்டிஷ் சென்சஸ் அறிக்கைகளையும் வைத்து எழுதினார். யூதர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை 'பரியா மக்கள்' என்றார். சடங்கால் ஒதுக்கப்பட்டு, அடுத்தவர் ஊரில் விருந்தாளிகளாக வாழும் கூட்டம் என்று பொருள். அந்த 'பரியா' நம் பறையர்தான். தமிழ்நாட்டுக் கரையில் வெள்ளைக்காரர் காதில் விழுந்து, ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், 1823இல் பெர்லினில் மைக்கேல் பேர் 'பரியா' என்று நாடகமே போட்டு, கடைசியில் சமூகவியலின் கலைச்சொல் ஆகிவிட்டது. ஒரு மக்களின் பெயரை எடுத்து, உலகத்தில் ஒதுக்கப்பட்ட எல்லோருக்கும் பொதுச் சொல்லாக்கினார்கள். அந்த மக்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கர்மத்தையும் மறுபிறவியையும் நம்பியதால், கீழ்ச்சாதியினர் தங்கள் நிலையை மாற்ற எழவில்லை என்பது வெபரின் முடிவு. இத்தனைக்கும் அவர் ஒதுக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்கவே தெரியாதவர் அல்ல. 1904இல் அமெரிக்கா போனபோது கறுப்பினத்தவரின் டஸ்கீகி கல்வி நிலையத்தைப் போய்ப் பார்த்தார். டுபாய்ஸின் கட்டுரையை 1906இல் தன் இதழில் வெளியிட்டார். சென்னையில் இருந்த டுபாய்ஸ்கள்தான் அவர் கண்ணில் படவில்லை.

6

வெபர் அந்தச் சொல்லை எடுத்தாளுவதற்கு இருபது வருஷம் முன்பே, 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'பறையன்'. இழிவாக வீசப்பட்ட பெயரை எடுத்துத் தலைப்பில் போட்டார்.

அதே வருஷம் நிர்வாகத்தைப் பற்றி ஒரு பெரிய சண்டை வந்தது. ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்தணும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபையும் அதற்குத் தீர்மானம் போட்டது. சீனிவாசன் எதிர்த்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்தோடு லண்டனுக்கு மனு அனுப்பினார். இங்கே தேர்வு வைத்தால் படிக்க வாய்ப்புள்ள சாதி இந்துக்கள்தான் ஜெயிப்பார்கள், அவர்கள் கையில் அதிகாரம் வந்தால் எங்கள் கதி என்ன என்பதுதான் வாதம்.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நிர்வாகக் கோட்பாடாகத் தெரிகிறது. தேர்வு நியாயமானது, விதி எல்லோருக்கும் ஒன்று என்று எழுதி வைத்தால் போதாது. நாற்காலியில் யார் உட்காருகிறார், அவர் வீட்டிலிருந்து எதைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறார் என்று கேட்கணும் என்கிறது அந்த மனு. வெபரின் நூல் வர இன்னும் முப்பது வருஷம் இருக்கும்போது, அதில் விடுபடப்போகிற கேள்வியைச் சேரியிலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார்.

அந்தப் பயம் வீண் இல்லை என்பதற்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலிலேயே சாட்சி இருக்கிறது. 1936இல் குஜராத்தின் போர்சாத் தாலுகா ஆபீசில் ஒரு பங்கி இளைஞர் தலாத்தியாக, அதாவது கிராமக் கணக்கராக, நியமனம் பெறுகிறார். முறைப்படி விண்ணப்பம், முறைப்படி நியமனம். உள்ளே போனால் கிளார்க் எட்டி நிற்கச் சொல்கிறார். தண்ணீருக்குத் தனிப் பாத்திரம். கிராமத்துக்கு அனுப்பினால் அங்கே மிரட்டல். கடைசியில் உயிருக்குப் பயந்து பம்பாய்க்கு, பெற்றோரிடம் போய்விடுகிறார். வெபர் கேட்ட அத்தனையும் அங்கே இருந்தது: விதி, கோப்பு, படிநிலை, நியமன ஆணை. ஆணை தாளில் செல்லுபடியானது, தண்ணீர்ப் பானையில் செல்லுபடியாகவில்லை.

அதற்காக விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாத இடத்தில் ஊர் வழக்கம் ஆளும். ஊர் வழக்கம் யார் பக்கம் என்று நமக்குத் தெரியும். விதியை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் கேள்வி. வில்சனின் ஆட்கள் முகத்தைப் பார்த்து வெளியே தள்ள விதி போட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1927இல் வந்த வகுப்புவாரி ஆணை ஆளைப் பார்த்து உள்ளே கொண்டுவர விதி போட்டது. பன்னிரண்டு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனர்களுக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து இரண்டு, தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒன்று. நம் எண்ணிக்கைக்கு ஒன்று என்பது அநியாயம்தான். ஆனாலும் நாற்காலியில் யார் என்ற கேள்வியை ஒரு அரசாணை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டது. அதற்குப் பெயர் சலுகை என்கிறார்கள். ஆள் பார்க்காத அலுவலகம் ஒருநாள் உண்மையாகவே வரணும் என்றால், அதுவரை யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கணும். இட ஒதுக்கீட்டை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு தேதியையும் மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளணும். 1924 செப்டம்பரில் சென்னை அரசு ஒரு ஆணை போட்டது. சட்டசபையில் நம்மவர்கள் போராடிக் கொண்டுவந்த தீர்மானத்தின் பலன் அது. பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், பொது அலுவலகங்களுக்குள் நுழையவும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தடையில்லை. ஆபீசுக்குள் நுழையலாம் என்பதற்கே ஒரு அரசாணை வேண்டியிருந்தது. ஆள் பார்க்காத அலுவலகம் பற்றிய வெபரின் நூல் அச்சாகி அப்போது இரண்டு வருஷம்.

அம்மா படியில் நின்றது அந்த ஆணைக்கு அறுபத்திரண்டு வருஷம் கழித்து. அவளுக்கு வெபரும் தெரியாது, அந்த ஆணையும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே உள்ளே போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.